கட்டிலிலிருந்து கழிப்பறை வரை

1

இந்தக் கதை ஒரு டயப்பரில் பிறந்தது. இலக்கியத்துக்கு இதைவிட மணமான பிறப்பிடங்கள் உண்டு. எனக்கு வாய்த்தது இதுதான்.

என் அத்தை ஓய்வுபெற்ற விளையாட்டு டீச்சர். இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, முதியோர் வார்டில் கிடந்தாள். டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: துணையோடாவது கழிப்பறைவரை நடந்தால் சொந்த வீடு, இல்லையென்றால் முதியோர் இல்லம். அத்தை மகன் இல்லத்தில் இடமே பிடித்துவிட்டான். முன்யோசனைக்காரன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அந்த நர்ஸ் கல்நெஞ்சக்காரி. அவள் கண்களில் ஈரமென்பதே...'

அந்த வரியை அடித்துவிட்டேன். கல்நெஞ்சக்காரியாக இருந்திருந்தால் என் வேலை சுலபம். அவளோ அத்தைக்குத் தலைவாரிவிட்டாள், போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"பாட்டி செல்லம், எதுக்கு எழுந்திருக்கறீங்க?"

"பாத்ரூம் போகணும்மா."

"அதான் டயப்பர் போட்டிருக்கே, அதுலேயே போயிடுங்க. நான் மாத்திவிடறேன்."

"எனக்கு அடக்கத் தெரியும். நடக்கத்தான் ஆள் வேணும்."

நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாட்டிக்கு ரோஷத்தைப் பாருங்களேன்!"

(அத்தைக்குப் பேரப்பிள்ளைகள் கிடையாது. வார்டில் சேர்ந்த அன்றே கிடைத்த பதவி உயர்வு இது.)

3

நர்ஸ் பக்க நியாயத்தையும் எழுத வேண்டும். வார்டு நிறைய நோயாளிகள், அவளுக்கு இரண்டே கைகள். நடத்திக் கூட்டிப்போவதைவிட டயப்பர் மாற்றுவது சீக்கிரம் முடியும். இந்தப் பத்தி நன்றாகத்தான் வந்தது, எதிர் வார்டை எட்டிப் பார்க்கும்வரை. அங்கே தொடையெலும்பு முறிந்த ஒரு புதுமாப்பிள்ளையை அதே நர்ஸ் வாக்கரில் நடத்திக்கொண்டிருந்தாள்.

"அவரை மட்டும் நடக்க வைக்கறீங்களே?"

"அவர் வேலைக்குப் போகணும்க்கா. பாட்டி இனிமே நடந்து எங்க போகப்போறாங்க?"

அத்தையிடம் வந்து அப்படியே சொன்னேன்.

"வீட்டுக்கு" என்றாள்.

நியாயமாகக் கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் டாக்டர் வந்துவிட்டார்.

"நடக்கறாங்களா?"

"கால் ஊனவே முடியலை டாக்டர். வயசாச்சில்ல" என்றாள் நர்ஸ், நிஜமான வருத்தத்தோடு.

பொய்யில்லை. நாள்கணக்காகப் படுக்கவைத்த கால்கள் படுக்கத்தானே பழகும். "சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்" என்று டாக்டர் போய்விட்டார்.

4

முடிவு அ: நர்ஸ் மனம் திருந்தி அத்தையின் காலைப் பிடித்து அழுகிறாள். (வார இதழ்களுக்குப் பிடிக்கும்.)

முடிவு ஆ: அத்தை தனியாக எழுந்து விழுகிறாள். (விருதுக் குழுவுக்குப் பிடிக்கும்.)

முடிவு இ: அத்தை மகன் ஓடிவந்து, "அம்மா, நான் இருக்கேன்" என்று... (எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

அத்தையிடமே கேட்டேன். "என்ன முடிவு வைக்கட்டும்?"

"முடிவு இருக்கட்டும்டி. அந்த வாக்கரை இங்க கொண்டா."

வாக்கர் சுவரோரம் துண்டு காயப்போடப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. எடுத்துவந்தேன். அத்தை டயப்பரைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். கால்கள் நடுங்கின.

"விசில் மட்டும் இருந்தா நல்லா இருக்கும்" என்றாள்.

இடப்பக்கம் நான் பிடித்திருக்கிறேன். வலப்பக்கம் இன்னொரு ஆள் வேண்டும். வாசலில் நர்ஸ் நிற்கிறாள், கையில் புது டயப்பரோடு. அதைக் கீழே வைத்துவிட்டு வருவாளா, "பாட்டி, படுங்க" என்பாளா? எனக்கு எழுதக் கை ஒழியவில்லை. நீங்களே முடிவு செய்யுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். அத்தைக்கு அவசரம்.