பஞ்சுத் தூசி

"மரம் எப்ப வீட்டுக்குள்ள வந்துச்சு?" என்று டாக்டர் கேட்டபோது சின்னவளுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. மடியில் குட்டி. ஏழு வயசுப் பிள்ளை, முகத்தில் நெபுலைசர் மாஸ்க்கோடு, விலா எலும்பு தெரியத் தெரிய மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். இவர் புது டாக்டர். பூனை இருக்கா, பெயின்ட் அடிச்சீங்களா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் வீட்டில் புதிதாக என்ன வந்தது என்றார். கிறிஸ்துமஸ் மரம்தான், வேறொன்றும் இல்லை என்று இவளும் சொல்லிவைத்தாள்.

"நாலு நாள் ஆச்சு டாக்டர்."

"இழுப்பு எப்பலேருந்து?"

"மூணு நாளா."

"பிளாஸ்டிக்கா, நிஜ மரமா?"

"நிஜ மரம்தான். நர்சரியில வெட்டித் தர்றது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். வெட்டின மரத்தில் பூஞ்சை இருக்கும், மூடின வீட்டுக்குள் வந்ததும் பெருகும், சில பிள்ளைகளுக்கு அது ஆகவே ஆகாது, முதலில் அதைத் தூக்கி வெளியே போடுங்கள் என்றார். "வருஷா வருஷம் இதே சமயத்துல வருதுன்னு சொன்னீங்களே, வருஷா வருஷம் மரம் வெக்கிறீங்களா?"

வைக்கிறார்கள்தான். ஆனால் பழியைத் தூக்கி வேறொருத்தி தலையில் அல்லவா வைத்திருந்தார்கள்.

பெரியவள், இவளுடைய ஒரே அக்கா. அம்மா போனபிறகு இவளை வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, தனக்கென்று ஒரு கல்யாணம் பண்ணிக்கொள்ள மறந்தே போனவள். மெத்தை தைக்கும் கடை வைத்திருந்தாள். பஞ்சை அடித்து உறையில் திணித்து, சாண் நீள ஊசியால் கோத்துக்கொண்டு, வருஷம் பூரா பஞ்சுக்குள்ளேயே கிடப்பாள். லீவு என்றால் கிறிஸ்துமஸுக்குத் தங்கை வீட்டில் நாலு நாள், அவ்வளவுதான். பெரியம்மாதான் நட்சத்திரம் கட்டவேண்டும் என்று குட்டி ஒரே அடம். அதனால் அவள் வருவதற்கு முதல் நாள்தான் மரம் வாங்குவார்கள். அவள் வந்த மறுநாள் பிள்ளைக்கு இழுப்பு. மூன்று வருஷம் இதே கதை. பஞ்சுத் தூசிதான், சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். பழைய டாக்டரிடமும் இவளே முந்திக்கொண்டு அதைச் சொல்ல, அவரும் மண்டையை ஆட்டிவிட்டார்.

என்னவெல்லாம் பண்ணினார்கள் பாவிகள்! முதல் வருஷம், வந்ததும் குளி என்றார்கள். அடுத்த வருஷம் அவள் பையை வாசலிலேயே வாங்கி பால்கனியில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். போன வருஷம் அவளாகவே தலையோடு குளித்து, தங்கையின் நைட்டியைப் போட்டுக்கொண்டு, சமையலறை மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். மடியில் ஏற ஓடிவந்த குட்டியைக் கை நீட்டித் தடுத்தாள். அப்படியும் இழுத்தது. அவளை பஸ் ஏற்றப் போன வீட்டுக்காரர், "தப்பா நினைக்காதீங்க அண்ணி, இனிமே நாங்களே வந்து பாக்கறோம்" என்று சொல்லிவிட்டு வந்தார். சொல்லச் சொன்னது சின்னவள். தன் வாயால் சொல்ல அவளுக்குத் துப்பில்லை. போய்ப் பார்த்தார்களா என்றால், ஒரு தடவைகூட இல்லை.

இந்த வருஷம் பெரியவள் வரவில்லை. இழுப்பு மட்டும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் மரத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். குட்டியைப் படுக்கவைத்துவிட்டு இவள் போனை எடுத்தாள்.

"அக்கா..."

"குட்டிக்கு என்னடி?" குரலிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

சின்னவள் ஒரே மூச்சில் கொட்டினாள். "மரம்க்கா, மரம்தான். பூஞ்சையாம். நீ இல்லக்கா. நாங்கதான் கண்ணு தெரியாம... கிளம்பி வாக்கா, இன்னிக்கே வா." அழுகையில் பாதி வார்த்தை விளங்கவில்லை.



"கடைய மூடிட்டேன்டி."

"எப்பக்கா?"

"மார்ச்சுலயே. பஞ்சத் தொடாம ஒரு வருஷம் இருந்தா, உடம்புல ஒட்டினதெல்லாம் போயிடும், அப்புறம் புள்ளயப் பாக்கலாம்னு நினைச்சேன். இப்ப ஒரு ஆஸ்பத்திரியில துணி மடிக்கிறேன்."



"வாக்கா. உன் கால்ல விழறேன்."

"வரலடி." அதில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை. "வந்து, மறுபடியும் இழுத்துச்சுன்னா நீ என் மூஞ்சியப் பாப்ப. அந்தப் பார்வைய இன்னொரு தடவ என்னால தாங்க முடியாது."

பார்க்கமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். பார்ப்பாள் என்று அவளுக்கே தெரியும்.

"பெரியம்மாவா? என்கிட்ட குடும்மா." குட்டி எழுந்து வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "பெரியம்மா, எப்ப வருவீங்க?" காதோடு அழுத்திவைத்துக்கொண்டு நின்றாள். மறு காதுக்கு மாற்றினாள். "யாரும் பேசலம்மா," என்று போனை நீட்டினாள். இணைப்பு அறுபடவில்லை. திரையில் நொடிகள் ஓடிக்கொண்டே இருந்தன.