தொக்தோசுனுக்குச் சொல்லிக்கொடுத்தது

தொக்தோசுன் செத்ததைவிட, அவனை யார் ஓதி அடக்குவது என்பதுதான் ஊருக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது. ஊர் முல்லா குளிர்காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்த முல்லா இருப்பது கணவாய்க்கு அந்தப் பக்கம். கணவாயில் இன்னும் பனி விலகவில்லை. கூடாரத்துக்குள் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, வெளியே ஆண்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். செத்தவருக்கு நடத்தும் ஜனாஸா தொழுகை முழுதாகத் தெரிந்தவர் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரே ஒருவர்தான். அவர் எசெங்குல். சோவியத் காலம் முழுக்கக் கடவுள் இல்லை என்று பேசித் திரிந்தவர்.

பேசுவதுதான் அவருடைய உத்தியோகம். அரசாங்கச் சம்பளம், அரசாங்க ஜீப். மலைமலையாக ஏறி, ஆடு மேய்க்கிறவர்களைப் பிடித்து உட்காரவைத்து, மேலே யாரும் இல்லை என்று நிரூபித்துவிட்டு வருவார். எதிராளி சொல்வது முழுதாகத் தெரியாமல் மறுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் பிறப்பு முதல் அடக்கம் வரை எல்லா ஓதலையும் உருப்போட்டு வைத்திருந்தார். டிராக்டர் ஓட்டிய தொக்தோசுன் அவருடைய பால்ய சிநேகிதன். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவான். கூட்டம் முடிந்தால் ஜீப்பில் வோட்கா உண்டு என்பதும் அவனுக்குத் தெரியும்.

தொக்தோசுனின் மனைவி ஆயிம்கான் வெளியே வந்தாள். "அண்ணே, நீங்கதான் ஓதணும்."

"நான் நம்பாத ஒண்ண ஒரு நாளும் வாயால சொன்னதில்ல, ஆயிம்கான். இவன் தலைமாட்டுல நின்னுக்கிட்டா பொய் சொல்லச் சொல்ற?"

"உங்கள யாரு நம்பச் சொன்னா? ஓதத்தானே சொல்றேன். சும்மா மண்ணத் தள்ளிட்டு வர அவரு என்ன நாயா, பூனையா?"

கிழட்டு மேய்ப்பன் கதிர்குல் குறுக்கே புகுந்தான். "வாய்யா, எசெங்குல். இல்ல இல்லன்னு சொன்ன வாயே கூப்பிட்டா, என்னமோ ஏதோன்னு மேல இருக்கிறவனும் எட்டிப் பாப்பான்."

சாவு வீடு என்று இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். எசெங்குல் முறைத்தார். ஆனால் ஆயிம்கானின் முகத்தைப் பார்த்தபின் மறுக்க முடியவில்லை.

தொழுகையை ஓர் எழுத்துப் பிசகாமல் நடத்தினார். மனதுக்குள் ஒன்றும் அசையவில்லை. அது அவருக்கு நிம்மதியாக இருந்தது. குழியில் இறக்கி, மண் தள்ளி, மேடு கட்டியாயிற்று. கடைசியாக ஒன்று பாக்கி. எல்லோரும் நாற்பதடி விலகிப் போனதும் இரண்டு மலக்குகள், வானதூதர்கள், வந்து செத்தவனை விசாரிப்பார்கள். உன் இறைவன் யார், உன் நபி யார், உன் மார்க்கம் எது. ஓதுகிறவர் தனியாக நின்று அவனுக்குப் பதில்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கூட்டங்களில் எசெங்குல் இந்த இடத்துக்கு வந்தால் சிரிப்பு அள்ளிக்கொண்டு போகும். "செத்தவனுக்குப் பரீட்சையாம், உயிரோட இருக்கிறவன் பிட்டு குடுக்கிறானாம்" என்பார். தொக்தோசுன் தொடையைத் தட்டிச் சிரிப்பான்.

ஊர் விலகிப் போய் முதுகைக் காட்டி நின்றது. ஓதினாரா இல்லையா என்று பார்க்க ஆளில்லை. சற்று நேரம் சும்மா நின்றுவிட்டுப் போய்விடலாம். அதுதான் நேர்மை. அப்படி நினைத்துத் திரும்பினார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உள்ளே கிடக்கிறவனுக்கு ஒரு பதிலும் தெரியாது. கடவுளைப் பற்றி அவன் காதில் விழுந்ததெல்லாம் எசெங்குல் சொன்னதுதான். கேட்டால் அதைத்தான் சொல்லுவான். கேட்க யாரும் வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். வந்துவிட்டால்?

மண்மேட்டருகே குந்தி உட்கார்ந்து அரபியில் ஓதினார். இந்த மடையனுக்கு அரபி எங்கே விளங்கப்போகிறது என்று தோன்றியதும், தாய்மொழிக்கு மாறினார்.

"டேய் தொக்தோ, நல்லா கேட்டுக்கோ. உன் இறைவன் யாருன்னு கேப்பாங்க. அல்லான்னு சொல்லு. யோசிக்காத. நான் மேடையில பேசினதெல்லாம் அங்க போய் எடுத்து விட்டுடாத. அது என் பேச்சு. அத என்கிட்ட கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன். உனக்கு அதுல சம்பந்தமில்ல. கேக்குதாடா?"

அவனுக்குக் கேட்டிருக்காதோ என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. மண்ணில் வாயை வைக்காத குறையாகக் குனிந்து, முதலிலிருந்து உரக்கச் சொன்னார். கண்ணீர் தாடியில் இறங்கியது. துடைக்கவும் தோன்றவில்லை.

சத்தம் கேட்டு தொக்தோசுனின் மகன் மெலிஸ் ஓடிவந்தான். "யார்கிட்ட பெரியப்பா கத்துறீங்க?"

"உங்கப்பன்கிட்டதான். டிராக்டர் சத்தத்துல அவன் காது என்னைக்கோ போயிருச்சே."

மெலிஸ் மண்மேட்டைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "இப்ப கேட்டிருக்குமா?"

எந்த மலையில் எவன் எதைக் கேட்டாலும் சட்டென்று பதில் சொல்லிப் பழகிய எசெங்குல் இப்போதுதான் தாடியைத் துடைத்தார்.

"தெரியலடா" என்றார். "நீ போ. நான் இன்னொரு தடவ சொல்லிட்டு வரேன்."

மெலிஸ் போய் எல்லோரையும் காத்திருக்கச் சொன்னான்.