அபூதாஹிர் மறுக்காத நாட்கள்

என் நெஞ்சுக்குள் ஒளிந்திருந்த புற்றுநோயைக் கண்டுபிடித்தது டாக்டரும் அல்ல, மெஷினும் அல்ல. சுண்டுவிரல் அளவுள்ள என் குடல்வால். நம்பமாட்டீர்கள். முதலில் அபூதாஹிரும் நம்பவில்லை.

துறைமுகத்தில் நான் இழுவைப் படகு ஓட்டிய காலம் முழுக்க அவன்தான் எஞ்சின் பார்த்தவன். என் வாயிலிருந்து வரும் எதையும் பாதியாக வெட்டி, மிச்சத்தையும் சந்தேகத்தோடுதான் கேட்பான். ஓர்ஸ் ஹில்லில் அவன் வீட்டு வாசலில் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோதும், இந்த வயதில் குடல்வால் வீங்காது, தின்ற கணவாய் மீன்தான் வேலை செய்கிறது என்றான். ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்த பிறகே அடங்கினான். எடுத்தது ஒரு சுறாக்குட்டி என்று வார்டு முழுக்கச் சொன்னேன். அதைப் போத்தலில் பரிசோதனைக்குக் கொண்டுபோனவன் அவன். நெத்தலியளவுதான் என்று கட்டில் கட்டிலாகத் திருத்திக்கொண்டு வந்தான்.

முடிவு கேட்கவும் அவனே போனான். திரும்பி வந்தவன் என் மனைவி சிவபாக்கியத்தைக் குசினிக்குள் கூப்பிட்டு மெல்லக் கதைத்தான். இருவரும் வெளியே வந்து, காயம் ஆறினால் சரி, ஒன்றுமில்லை என்றார்கள்.

அன்றிலிருந்து அபூதாஹிர் என்னை மறுக்கவில்லை.

முதலில் எனக்குப் பெரிய சந்தோஷம். சூறாவளியில் மூன்று கப்பல்களை ஒரே கயிற்றில் இழுத்ததை அவிழ்த்துவிட்டேன். தலையாட்டினான். உள்துறைமுகத்தில் திமிங்கிலம் ஒன்று எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றதைச் சொன்னேன்.

"ஓம் மச்சான், நானும் கண்டனான்" என்றான்.

அப்படியொரு திமிங்கிலம் அங்கே வந்ததேயில்லை. மாதக்கணக்காக என்னை விடாத பழைய இருமல் வந்தது. அவன் முகத்தைத் திருப்பி வாசல் கேற்றையே பார்த்தான். தேத்தண்ணி கொண்டுவந்த சிவபாக்கியம் கோப்பையை வைத்துவிட்டு நிற்காமல் உள்ளே போனாள்.

அவர்கள் மறைப்பதை வெளியே இழுக்க, என்னிடமிருந்த ஆகப் பெரிய புளுகை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"அபூ, என்ர குடல்வால் சும்மா வீங்கேல்ல. நெஞ்சில இருந்த புற்றுநோய் அங்க போய்க் குந்தினதாலதான் வீங்கினது. கோடியில ஒருத்தனுக்குத்தான் அப்படி நடக்கும். அந்த ஒருத்தன் நான்."

"விசர்க் கதை கதையாத."

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் மறுத்தான். ஆனால் என்னைப் பார்த்து மறுக்கவில்லை. நான் பேசாமல் இருந்தேன். வாழ்நாளில் அவன் முன்னால் நான் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அவனால் தாங்க ஏலாமல் போயிற்று. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

"ஓம் மச்சான்" என்றான். "டாக்டர் எனக்கிட்டச் சொன்னவர். நீ சொன்ன மாதிரியேதான் நடந்திருக்கு."