மாடி அறையின் சத்தம்

குடியரசு தினத்தன்று காலையில் கொடியேற்றி முடித்த கையோடு, ஒரகடம் தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி கோதண்டத்துக்குச் சால்வை போர்த்தினார்கள். வயது வரம்பைத் தாண்டிவிட்டார் என்று ஏஜென்சி சொல்லிவிட்டது. கொடியேற்றத்தையும் வழியனுப்பு விழாவையும் ஒன்றாக முடித்ததில் லட்டுச் செலவு மிச்சம். மெடலைக் குத்திக்கொண்டு வரச் சொன்னது எச்.ஆர். சசிகலாதான்.

"கார்கில்ல தனி ஆளா மேல ஏறி பங்கரைப் புடிச்சவரு நம்ம அங்கிள். இனிமே வீட்ல ஜம்முனு ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றாள் மைக்கில்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

தனி ஆளாக ஏறியது உண்மைதான். ஏன் ஏறினார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பாறைக்குப் பின்னால் அவரோடு படுத்துக் கிடந்தவன் கொம்பையா, கோவில்பட்டிக்காரன். தலைக்கு மேல் குண்டு பறக்கும்போதும் ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பான். திடீரென்று பேச்சு நின்றுபோனது. உலுக்கிப் பார்த்தார். அந்தக் குளிரில், செத்தவன் பக்கத்தில் விடியும்வரை தனியாகக் கிடக்க அவரால் முடியவில்லை. மேலே இருந்தவன் எதிரிதான், ஆனாலும் உயிரோடு இருந்தான். எழுந்து மேலே ஓடினார். அதைத்தான் வீரம் என்று எழுதி மெடல் கொடுத்தார்கள்.

மனைவி அம்சவல்லி போய்ச்சேர்ந்ததிலிருந்து நைட் ஷிப்டையே கேட்டு வாங்கினார். தீப்பெட்டி கேட்கும் லாரி டிரைவர்கள், ஓ.டி. முடிந்து கொட்டாவி விட்டுக்கொண்டு பஸ் ஏறும் பிள்ளைகள் என்று ராத்திரி எப்படியோ ஓடிவிடும். வீடு பகலில் தூங்குவதற்கு மட்டும்தான். இனி ராத்திரியும் அங்கேதான்.

சேரப்பணஞ்சேரி வீட்டில் சால்வையை நாற்காலியில் போட்டார். சாப்பிட உட்கார்ந்தார், எழுந்தார். பொழுது சாய்ந்தது. மாடியில் குடியிருக்கும் தென்காசிப் பையன்கள் கிரிக்கெட் பார்த்துக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மெல்லப் படியேறினார். கதவைத் தட்டத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டார். வீட்டுக்காரன், பட்டாளத்தான், மெடல் வாங்கினவன். 'தனியா இருக்க பயமா கீதுப்பா, இங்கயே படுத்துக்கட்டா' என்று எந்த வாயால் கேட்பது? மலையில் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தட்டினார்.

கதவைத் திறந்த உச்சிமாகாளி, அவரைக் கண்டதும் மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டான்.

"சத்தம் ரொம்பக் கேக்கோ சார்? மன்னிச்சிருங்க." உள்ளே திரும்பி, "ஏல, டிவி சத்தத்த அமத்துல!" என்றான்.

அறை சட்டென்று அடங்கியது. உட்கார்ந்திருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"அதுக்கில்லப்பா..." என்றார் கோதண்டம்.

"இனிமே சத்தமே வராது சார்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையன்களின் தோளுக்குப் பின்னால், திரையில் யாரோ சிக்ஸர் அடித்திருந்தான். மைதானம் நிறைய ஜனங்கள் கையை உயர்த்தி, வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார்கள், ஒரு சத்தமும் இல்லாமல்.