கைதட்டக் கூடாது

என் அக்கா மகளுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். விழித்ததும் தொடங்குவாள், தூங்கினால்தான் நிற்பாள். பள்ளி வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. இரண்டாம் வகுப்பு பாதி முடிந்தும் டீச்சர் அவள் குரலைக் கேட்டதில்லை. போன மாதம் பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்க முடியாமல், பெஞ்சிலேயே நனைந்து உட்கார்ந்திருந்தாள்.

அக்கா அழுதாள். பிடிவாதம் என்றார் அத்தான். பள்ளி ஆலோசகர் அம்மா இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பிடிவாதம் இல்லைங்க, பயம். தொண்டை பூட்டிக்குது. வீட்ல யார்கிட்ட ரொம்ப வாயாடுவா?"

"இவன்கிட்டதான். எப்பப் பாத்தாலும் சண்டை," என்று அக்கா என்னைக் காட்டினாள்.

"நல்லதாப் போச்சு. அந்தச் சண்டையை இங்க கொண்டு வாங்க."

பள்ளி தொடங்குமுன், காலி வகுப்பறையில் நானும் அவளும் பாம்பு ஏணி ஆட வேண்டும். டீச்சர் முதலில் வராந்தாவில் நிற்பார். பிறகு வாசலில், பிறகு கடைசி பெஞ்சில் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வருவார். பேசு என்று யாரும் சொல்லக் கூடாது. பேசிவிட்டால் யாரும் ஆச்சரியப்படவும் கூடாது.

"கைதட்டினா அவ்வளவுதான், மறுபடி உள்ள போயிடுவா. கடைக்காரர்கிட்ட சில்லறை கேட்டா முகத்தை எப்படி வெச்சுக்குவாரு? அப்படி வெச்சுக்கங்க," என்றார் ஆலோசகர்.

இரவு ஷிப்ட் முடிந்து நேராகப் பள்ளிக்குப் போவேன். அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையை இடிக்கும். முதலில் ரேடியோ கிசுகிசுத்தாள். நான் வழக்கம்போல் ஏமாற்றி ஆட, கிசுகிசுப்பு திட்டாக மாறியது. டீச்சர் வாசல்வரை வந்துவிட்டார். எனக்குப் பேராசை பிடித்தது.

"டீச்சருக்கு ஒரு வணக்கம் சொல்லேன்," என்றேன்.

ரேடியோ அணைந்தது. பகடையை இறுக்கிப் பிடித்தபடி மணி அடிக்கும்வரை தரையையே பார்த்தாள்.

ஆலோசகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்களை யாரு வாத்தியார் ஆகச் சொன்னா? ஏமாத்துறதோட நிறுத்திக்கங்க."

டீச்சர் மறுபடி வராந்தாவிலிருந்து ஆரம்பித்தார். எரிச்சலே படாத பெண்மணி. சில வாரங்களில் பக்கத்து பெஞ்சுக்கே வந்து, பென்சில் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். ரேடியோ அவரைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஆட்டம் சூடாக இருந்தது. ஐந்து விழுந்தால் எனக்குப் பெரிய பாம்பு. ஐந்துதான் விழுந்தது. ஆறு கட்டம் நகர்த்தினேன்.

"மாமா! அஞ்சு!"

"ஆறு."

"கண்ணு தெரியலையா? அஞ்சு!"

"போடி, ஆறு."

"டீச்சர்! மாமா ஏமாத்துறாரு! அஞ்சு விழுந்துச்சு, ஆறு தள்ளுறாரு!"

வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாவின் துடைப்பச் சத்தம் நின்றது. கடைக்காரர் முகம், கடைக்காரர் முகம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

டீச்சர் நிமிரவில்லை. "நானும் பாத்தேன். பாம்பு வாய்க்கே போகச் சொல்லு."

"போ மாமா!"

போனேன். டீச்சர் சீவிக்கொண்டே இருந்தார். அந்தப் பென்சிலில் பிடிக்க இடமே மிஞ்சவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஆலோசகர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது.

மணி அடித்ததும் வெளியே வந்து, தெருமுனை திரும்பும்வரை மெதுவாக நடந்தேன். அப்புறம் ஒரு கத்துக் கத்தினேன்.

ஸ்கூட்டர்காரர் ஒருவர் பிரேக் போட்டார். "என்ன தம்பி, லாட்டரியா?"

"அக்கா பொண்ணு என்னை டீச்சர்கிட்ட போட்டுக் குடுத்துட்டா, அண்ணே!"

அவர் வண்டியை வேகமாகக் கிளப்பிக்கொண்டு போனார்.

மத்தியானம் தூக்கத்தில் போன் அடித்தது. "டேய்! டீச்சர் காதுகிட்ட போயி, பாத்ரூம் போகணும்னு கேட்டாளாம்டா! அவளே!"

"அக்கா, கத்தாதே. ஆச்சரியப்படக் கூடாது."

"அவ வர்றதுக்குள்ள கத்தி முடிச்சுக்கிறேன்டா!"

சாயங்காலம் ரேடியோ வந்து பையை வீசினாள். அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஸ்கூல்ல என்ன விசேஷம்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. மாமா, நாளைக்கும் ஏமாத்தினா டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்."

மறுநாள் எனக்கு மூன்று விழுந்தது. ஏழு கட்டம் நகர்த்தினேன்.