தொடாமல் புகழ்ந்த குழந்தை

ஒஃபேலியா கதவைத் தட்டினாள். யெசேனியா திறக்கவில்லை. ஜன்னலருகே வந்து, "நேத்து பாத்தீங்க, அக்கா. தொடாமப் போயிட்டீங்க," என்றாள்.

உண்மைதான். சுகாதாரப் பணியாளராக யெசேனியாவின் குழந்தைக்கு எடை பார்க்க வந்தவள், அதன் கண்களைப் பார்த்து வாய்விட்டுப் புகழ்ந்திருந்தாள். பிள்ளையைப் புகழ்ந்தால் தொட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கண் பட்டுவிடும். டெக்சாஸ் எல்லையோரத்து மெக்சிகோக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுகாதார அலுவலக விதிப்படி அவள் கையுறை போட்டிருந்தாள். கையுறை தொட்டது தொட்டதாகாது. காரில் பாதி வழியில் அது அவளுக்கு நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை.

ராத்திரியிலிருந்து குழந்தைக்கு வாந்தியும் பேதியும். கண்ணேறு கழிக்கப் பச்சை முட்டையால் உடம்பெல்லாம் தடவியும் நிற்கவில்லை. இப்போது அது அழுதது, கண்ணீர் வரவில்லை. உச்சிக்குழி உள்வாங்கியிருப்பது ஜன்னலுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் பிள்ளை தங்காது.

ஒஃபேலியா இதே புழுதித் தெருவில் பிறந்தவள். வெங்காய வயலில் கூலி வேலை பார்த்த அவள் அம்மா, காய்ச்சல் கண்ட எந்த வீட்டுக்கும் கேட்காமலே சூப்போடு போய் நிற்பாள். மகள் படித்துச் சம்பளத்துக்கு அதே வீடுகளுக்கு வருகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளமில்லாமலும் வருகிறாள். இது மூடநம்பிக்கை என்று விளக்க அவளுக்குத் தெரியும். விளக்கி முடிப்பதற்குள் குழந்தை போய்விடும் என்பதும் தெரியும்.

"ஆஸ்பத்திரில கண்ணேறுக்கு மருந்து இருக்கா?" என்றாள் யெசேனியா.

"இல்ல. அதுக்கு என் கை இருக்கு. வாந்திக்குத்தான் அவங்க. ரெண்டும் வேணும், கதவத் திற."

தாழ்ப்பாள் விலகியது. ஒஃபேலியா வெறுங்கையைக் குழந்தையின் நெற்றியில் வைத்தாள். காய்ந்து சுட்டது. உடனே எடுத்துவிட நினைத்தாள், முடியவில்லை.

"நம்புறீங்களா, இல்ல எனக்காகவா?"

"தெரியலடி. பைய எடு."

யெசேனியா குழந்தையோடு பின்சீட்டில் ஏறுவதற்குள் அக்கம்பக்கத்தார் காரைச் சூழ்ந்துவிட்டார்கள். கூரை வேலை பார்க்கும் எலியூத்தேரியோ தாரேறிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தானும் நேற்று குழந்தையைப் பார்த்துப் புகழ்ந்துவிட்டுத் தொடாமல் போனதாகச் சொன்னான். அவன் பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"நிக்க நேரமில்ல. நடந்துக்கிட்டே தொடுங்க," என்று ஒஃபேலியா காரை நகர்த்தினாள்.

திறந்த ஜன்னல் வழியே ஒவ்வொரு கையாக உள்ளே வந்து நெற்றியைத் தொட்டு விலகியது. தார்ச்சாலை தொடங்கும் இடம்வரை அவர்கள் புழுதியில் கூடவே ஓடிவந்தார்கள்.