பதினொரு ‘பார்த்தேன்’

அச்சகத்தில் பிழை திருத்துகிறவளுக்குக் கை சும்மா இருக்காது. பேருந்தில் போனாலும் கடைப் பலகைகளில் விட்டுப்போன ஒற்றெழுத்தைத் தேடிக்கொண்டே போவாள். அப்படிப்பட்டவள்தான் சனிக்கிழமைதோறும் பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்குப் போய், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதித்தர ஒப்புக்கொண்டாள். அவளுடைய முத்து முத்தான கையெழுத்தைக் கண்டு தலைமையாசிரியைக்கு வாயெல்லாம் பல்.

“சொன்னத அப்படியே எழுதணும். ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது” என்றார். இவளும் பலமாகத் தலையாட்டினாள்.

அவளுக்கு வாய்த்தவள் ஒன்பதாம் வகுப்பு வாயாடி. பிரெயிலில் அவளே பக்கம் பக்கமாகக் குத்தித் தள்ளுவாள். ஆனால் ஆண்டு மலர் அச்சுக்குப் போவதால் பேனா பிடிக்க ஆள் தேவைப்பட்டது. தங்கை பிறந்த நாளைப் பற்றி மடமடவென்று சொன்னாள். ‘தங்கையை முதலில் மோந்து பார்த்தேன். பிறகு தொட்டுப் பார்த்தேன். நெஞ்சில் காது வைத்துக் கேட்டுப் பார்த்தேன். அப்படியே பார்த்துக்கொண்டே இருந்தேன்.’

வீட்டில் நல்ல பிரதி எடுக்கும்போது பிழை திருத்துகிறவள் எண்ணினாள். ஒரே பக்கத்தில் பதினொரு ‘பார்த்தேன்’. அது கண்ணை உறுத்தியது ஒரு பக்கம். கண் தெரியாத பிள்ளை ‘பார்த்தேன்’ என்று எழுதினால் படிக்கிறவர்கள் பாவம் என்று உச்சுக்கொட்டுவார்களே என்ற கரிசனம் இன்னொரு பக்கம். பதினொன்றையும் அடித்தாள். முகர்ந்தேன், தொட்டேன், கேட்டேன், அருகிலேயே இருந்தேன். ஒரு போன் போட்டு அந்தப் பெண்ணைக் கேட்டிருக்கலாம். அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

மலர் வந்தது. கூடத்தில் வாயாடியின் கட்டுரையை வாசித்தார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகு வாயாடி இவளிடம் வந்து கேட்டாள்.

“இது நான் சொன்னது இல்லையே அக்கா?”

“அர்த்தம் மாறலம்மா. தொட்டுப் பாத்தேன்னாலும் தொட்டேன்னாலும் ஒண்ணுதானே?”

“தொட்டா தொட்டது, அவ்வளவுதான். தொட்டுப் பாத்தாதான் பாத்தது. என் தங்கச்சிய நான் பாக்கவே இல்லைன்னு அச்சடிச்சுட்டீங்க. அவ பெரியவளாகி இதத்தான் படிப்பா.”

முந்நூறு பிரதிகளும் வீடு வீடாகப் போய்விட்டன.

அடுத்த சனிக்கிழமை போனபோது அவளுடைய நாற்காலியில் பள்ளி வேன் ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். மழையை மலை என்று எழுதியிருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது. அவளுக்குக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டாள்.

“‘கைய நீட்டிப் பாத்தேன்’... எழுதிட்டேன் பாப்பா. அடுத்து?” என்றார் ஓட்டுநர்.

பிழை திருத்துகிறவள் வாயாடியின் அருகே போனாள். “நான் செஞ்சது தப்புதான்மா. மன்னிச்சுடு.”

“பரவால்ல அக்கா. ஆனா இனிமே அண்ணனே எழுதட்டும்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கோபமே இல்லாத அந்தக் குரல்தான் அவளை என்னவோ செய்தது. தான் செய்ததை எந்த மையாலும் திருத்த முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. திரும்பி நடந்தாள்.

“பாத்துப் போங்க அக்கா. வாசப்படி உடைஞ்சிருக்கு.”

கண்ணில் நீர் நின்றதில் படி தெரியவில்லை. காலால் தடவிப் பார்த்துத்தான் இறங்கினாள்.